பெரிய லைனுக்குப் போன கோதுமை

கிளெமென்ஸ் வாங்லர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். ரோசன்தாலில் என் சாப்பாட்டுக் கடைக்கு எதிரே ரயில் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் தானியக் கிடங்கு. கிடங்கை நடத்தியவர் அவர்தான். அறுவடைக் காலத்தில் நான் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருப்பேன். அவர் அந்தப் பக்கம் அலுவலக ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரயில்வே கம்பெனிக்காரனைத் திட்டுவார். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்கும்.

"பெட்டி எங்கய்யா? போன வாரமே கேட்டேன்ல? வர்ற கோதுமைய எல்லாம் என் சட்டப் பையிலயா கொட்டி வெக்கச் சொல்றே?"

அப்புறம் போனை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல என் கடைக்கு வந்து உட்கார்ந்து, மாவு உருண்டை போட்ட சூப்பை இரண்டு கிண்ணம் குடிப்பார். வட டகோட்டாவில் எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கருங்கடல் ஓரத்திலிருந்து வந்த ஜெர்மானியர்களின் பிள்ளைகள். எங்களுக்கு உலகத்தில் மூன்றே விஷயம்: கோதுமை, கோவில், இந்த சூப்பு.

கிளெமென்ஸுக்கு மக்தலேனா என்று மனைவி. அதிகம் பேசாதவள். பேசினால் எதிராளி யோசிக்க வேண்டியிருக்கும். அவளுடைய தம்பி வெண்டலின், கிடங்கிலேயே கிளெமென்ஸுக்குக் கீழே வேலை பார்த்தான். கல்யாணம் ஆகாதவன். அக்காவுக்கும் அவனுக்கும் பதினாலு வயது வித்தியாசம். அவர்கள் அம்மா அவனைப் பெற்ற கையோடு போய்விட்டதால், மக்தலேனாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அக்கார்டியன் வாசிக்க அவன்தான். சுருதி பாதி நேரம் சேராது. ஆனால் அவன் வாசித்தால் கிழவர்கள்கூட எழுந்து ஆடுவார்கள்.

சங்கத்தின் தலைவர் அம்ப்ரோஸ் ஹைட். ஊரிலேயே பெரிய நிலம் அவருடையது. அவரும் கிளெமென்ஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவரை ஒருவர் திட்டாமல் அவர்களால் காபி குடிக்க முடியாது.

அந்த நாளில் சரக்குக் கட்டணம் என்பது அரசாங்கம் ஒப்புக்கொண்ட கட்டணம். ஒரு பெட்டி அனுப்பினாலும் ஐம்பது பெட்டி அனுப்பினாலும் பெட்டிக்கு ஒரே விலை. எங்களைப் போலக் கிளைப்பாதையில் இருக்கும் ஊருக்கும், பெரிய லைனில் இருக்கும் ஊருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஒரு பாதையை மூட வேண்டுமென்றால் கம்பெனி அரசாங்கத்திடம் வருஷக்கணக்கில் மன்றாட வேண்டும். எங்களுக்கு இது வசதியாக இருந்தது. ரயில்வேக்கு இருந்ததா என்றால், இல்லை. தண்டவாளம் கிழடு தட்டிப் போயிருந்தது. எங்கள் பாதையிலேயே இரண்டு தடவை பெட்டிகள் தடம் புரண்டு சூரியகாந்தி வயலில் படுத்துக் கிடந்தன. வேறொரு கம்பெனி திவாலாகி, மேற்கே போகிற லைன் முழுவதையும் கைவிட்டே போனது. நஷ்டம் என்று ரயில்வேக்காரர்கள் சொன்னது பொய் இல்லை. நிஜமாகவே நொடித்துப் போயிருந்தார்கள்.

எண்பதாம் வருஷம் இலையுதிர் காலத்தில் புதுச் சட்டம் வந்தது. இனி ரயில்வே தன் கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். யாரோடு வேண்டுமானாலும் தனியாக ஒப்பந்தம் போடலாம். லாபமில்லாத பாதையைச் சீக்கிரம் மூடலாம். ரேடியோவில் செய்தி வந்த அன்று என் கடையில் சந்தோஷப்பட்ட முதல் ஆள் யார் தெரியுமா? கிளெமென்ஸ்தான்.

"இனிமே அவன் நம்ம முன்னாடி வந்து உக்காந்து பேரம் பேசணும்டா," என்று மேஜையைத் தட்டினார். "கவர்மென்ட் சொன்ன விலைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது."

அம்ப்ரோஸ் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பேரம் பேசணும்னா ரெண்டு கடை வேணும்டா. இங்க இருக்கிறது ஒரே கடை. வேண்டாம்னா எங்க போவே?"

"லாரி இருக்குல்ல?"

"துறைமுகம் வரைக்கும் லாரியா? டீசல் செலவுக்கு உன் கிடங்கையே விக்கணும்."

வெண்டலின் கேக்கை வாயில் அடைத்தபடி என்னைக் காட்டிச் சொன்னான். "ஒட்டிலியாக்கா கார்ல ஏத்தி அனுப்பிடலாம் மச்சான். அவங்க ரயில விட வேகமாத்தான் போறாங்க."

அன்று எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வசந்தத்தில் ரயில்வேயிலிருந்து ஓர் ஆள் வந்தான். பர்செல் என்று பெயர். முப்பது வயது இருக்கும். பனி உருகிய சேற்றில் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு இறங்கினான். முன்பெல்லாம் ரயில்வேக்காரர்கள் இங்கே வரவே மாட்டார்கள். வந்தாலும் முகம் கொடுக்க மாட்டார்கள். இவன் எல்லோருக்கும் கை கொடுத்தான். என் சூப்பைப் பாராட்டினான். கிளெமென்ஸுக்கும் அம்ப்ரோஸுக்கும் நடுவில் உட்கார்ந்து சமாசாரத்தைச் சொன்னான்.

"ஒண்ணு ரெண்டு பெட்டியா வந்து பொறுக்கிட்டுப் போறது எங்களுக்கு நஷ்டம் சார். இருபத்தாறு பெட்டி ஒரே தடவையா நிரப்பிக் குடுங்க, நல்லாக் கொறச்சுத் தர்றோம். அம்பத்திரண்டு குடுத்தா இன்னும் கொறச்சல்."

"ஒத்தப் பெட்டிக்கு?"

"அது ஏறும்."

"எவ்வளவு ஏறும் தம்பி?"

பர்செல் கொஞ்சம் நெளிந்தான். "நீங்க ஒத்தப் பெட்டி அனுப்ப விரும்ப மாட்டீங்க சார், அவ்வளவு ஏறும்."

கிளெமென்ஸ் ஜன்னல் வழியாகக் கிடங்கைப் பார்த்தார். "எங்க பக்கத் தண்டவாளத்துல ஒன்பது பெட்டிதான் நிக்கும். பத்தாவது பெட்டிய ஒட்டிலியா கடைக்குள்ளதான் விடணும்."

"தண்டவாளத்த நீட்டுங்க. தானியம் ஏத்துற பெல்ட்டு, மோட்டாரு எல்லாம் வேகமானதாப் போடுங்க. நிறைய ஊர்ல செய்றாங்க."

"நாங்க கடன ஒடன வாங்கி இதெல்லாம் கட்டுறோம்னு வெச்சுக்க. நீ பாதைய மூட மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"இந்தப் பாதைய மூடற திட்டம் எதுவும் இப்போதைக்கு எங்ககிட்ட இல்ல சார்."

அன்று சாயங்காலம் மக்தலேனா என் கடைக்கு வந்தபோது கிளெமென்ஸ் அவளிடம் நடந்ததை எல்லாம் உற்சாகமாகச் சொன்னார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "இப்போதைக்குன்னா சொன்னான்?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாரும் பேச்சுக்குச் சொல்ற வார்த்த அது."

"நம்ம கல்யாணத்துல பாதிரியார் அந்த வார்த்தையச் சேத்துச் சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

ஆனால் கிளெமென்ஸுக்கு வேறு வழி இல்லை. ஒற்றைப் பெட்டிக் கட்டணத்தில் அனுப்பினால் உள்ளூர் விவசாயிக்குக் கொடுக்கிற விலையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கோதுமை வேறு ஊருக்குப் போய்விடும். கோவிலின் கீழ் அறையில் கூட்டம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் முதல் கை அம்ப்ரோஸுடையது. சங்கம் தன் சொத்தை எல்லாம் அடகு வைத்துக் கடன் வாங்கியது.

அந்தக் கோடையை நான் மறக்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படி ஆகாது என்று விவசாயிகளே மாறி மாறி வந்து ஜல்லி கொட்டினார்கள், ஸ்லீப்பர் கட்டை சுமந்தார்கள். ஊரின் மேற்கு முனை வரை புதுத் தண்டவாளம் நீண்டது. பெரிய மோட்டார் வந்தது. அறுவடை முடிந்து முதல் இருபத்தாறு பெட்டி ரயில் வந்து நின்ற நாளில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். வெண்டலின் கடைசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்தான். கார்டு எல்ராய், எங்கள் பாதையிலேயே தலை நரைத்த மனுஷன், கீழே நின்று, "எறங்குடா, இல்லன்னா உன்னையும் எடை போட்டு துறைமுகத்துல எறக்கிருவேன்," என்று கத்தினார்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. விவசாயிகளுக்கு விலை கூடுதலாகக் கிடைத்தது. கிளெமென்ஸ் போனில் திட்டுவதுகூடக் குறைந்தது. "பாத்தியா?" என்று மக்தலேனாவைச் சீண்டுவார். அவள் தட்டில் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பிறகு ஒன்றொன்றாக ஆரம்பித்தது. பாதை பழுது பார்க்க வருகிற ஆட்கள் வருவது நின்றது. கட்டைகள் உளுத்தன. ரயில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அப்புறம் இன்னும் குறைக்கச் சொல்லி. கடைசியில் எல்ராய் இன்ஜினிலிருந்து இறங்கிப் பக்கத்தில் நடந்தே வருவார். "குதிர வண்டி நம்மளத் தாண்டிப் போயிருச்சு ஒட்டிலியா," என்பார். கேட்ட பெட்டி கேட்ட மாதத்தில் வராது. வந்தால், மறுநாள் காலைக்குள் நிரப்பியாக வேண்டும் என்று புது நிபந்தனை. தவறினால் குறைந்த கட்டணம் கிடையாது. மொத்த ரயிலுக்கும் ஒற்றைப் பெட்டிக் கட்டணம்.

அதே சமயத்தில் பெரிய லைனில் இருக்கும் ஹார்லோவில் ஒரு தானியக் கம்பெனி பிரம்மாண்டமாகக் கிடங்கு கட்டியது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நூறு பெட்டி ரயில் வளையமாகச் சுற்றி வந்து நிற்காமலே நிரப்பிக்கொண்டு போகும். அவர்களுக்கு ரயில்வே கொடுத்த கட்டணம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அது ரகசிய ஒப்பந்தம். ஆனால் அவர்கள் விவசாயிக்குக் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். எங்கள் சங்கத்து விலையைவிடக் கூட.

ஒரு நாள் காலை, பெட்டி வராததால் கிளெமென்ஸ் என் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பாரம் ஏற்றிய லாரி ஒன்று கிடங்கில் திரும்பாமல், கடையையும் தாண்டி, ஹார்லோ சாலையில் போனது. பச்சை நிற லாரி. ஊரில் பச்சை லாரி ஒருவரிடம்தான் உண்டு.

மத்தியானம் அம்ப்ரோஸ் காபிக்கு வந்தார். வராமலே இருந்திருக்கலாம். ஆனால் அவர் அப்படி ஒளிகிற ஆள் இல்லை.

"லாரி எங்கடா போச்சு?" என்றார் கிளெமென்ஸ்.

"பாத்துட்டுத்தானே கேக்குற?"

"நீ சங்கத்துத் தலைவன்டா."

"தலைவன்னு சொன்னா பேங்க்காரன் வட்டியக் கொறப்பானா? எனக்கும் நெலத்து மேல கடன் இருக்கு கிளெமென்ஸ். நெலத்து வெலை பாதியா விழுந்து கெடக்கு. போன மாசம் ஷாட்ஸ் வீட்டு டிராக்டர ஏலம் போட்டாங்க, நீயும்தான் நின்னு பாத்த. எனக்கு அங்க கூடக் கெடைக்குது."

"நீ போனா எல்லாரும் போவான். எல்லாரும் போனா, இங்க சரக்கே இல்லன்னு சொல்லி அவன் பாதைய மூடுவான். மூடுன அப்புறம் ஹார்லோக்காரன் உனக்கு இதே வெலையத் தருவான்னு நெனக்கிறியா?"

"தர மாட்டான்."

"தெரிஞ்சேதான் போறியா?"

"தெரிஞ்சேதான் போறேன். அடுத்த வருஷம் வர்றதப் பாக்க, இந்த வருஷம் நான் இருக்கணும்ல?"

கிளெமென்ஸ் கையை ஓங்கிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் தன் காபிக் காசையும் அம்ப்ரோஸின் காபிக் காசையும் சேர்த்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

ஊரில் பாதிப் பேருக்கு மேல் ஹார்லோவுக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் சங்கத்தோடு நின்றார்கள். சிலர் விசுவாசத்தால், சிலர் லாரி இல்லாததால். கிளெமென்ஸ் கெஞ்சிக் கேட்டிருந்த இருபத்தாறு பெட்டிகளும் இலையுதிர் காலம் முழுக்க வரவில்லை. பிப்ரவரியில், மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற குளிரில், ஒரு நாள் காலை வந்து நின்றன. பர்செல் முன்பே போனில் சொல்லியிருந்தான். வருஷத்தில் இத்தனை சரக்கு போகவில்லையென்றால் மேலிடத்தில் இந்தப் பாதையைப் பற்றித் தன்னால் நல்ல வார்த்தை சொல்ல முடியாது என்று. ஆகவே அந்த ரயில் கிளெமென்ஸுக்கு வெறும் ரயில் இல்லை.

இருந்த ஆட்கள் எல்லோரும் இறங்கினார்கள். நான் பெரிய பாத்திரத்தில் காபி கொண்டுபோய்க் கிடங்கு வாசலில் வைத்தேன். மதியம் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு பெட்டியில் விழுகிற கோதுமை மெலிந்து, நூல்போலாகி, நின்றே போனது.

கிடங்கில் தானியம் கொட்டி வைக்கிற பழைய இரும்புக் குதிரின் கூரையில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. அதன் வழியாகப் பனி உருகி இறங்கி, மேலே இருந்த கோதுமை பாறைபோல இறுகிக்கிடந்தது. அடியிலிருந்து தானியம் வெளியேறிவிட, மேல்தட்டு மட்டும் பாலம்போல நின்றது. கீழே வெறும் குழி. மேலே நின்று பார்ப்பவனுக்குக் குதிர் நிறைந்திருப்பதுபோலத்தான் தெரியும்.

அதைக் குத்தி உடைக்க வெண்டலின் கம்பியை எடுத்துக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். கிளெமென்ஸ் கீழே, குதிரின் அடியிலிருந்து தானியத்தை இழுக்கிற மோட்டாரின் சுவிட்சுப் பக்கத்தில் நின்றார். நான் காபிக் கோப்பையோடு வாசலில் இருந்தேன். அவர்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மோட்டார நிறுத்தட்டுமாடா?"

"நிறுத்தாதீங்க மச்சான். இந்தக் குளிர்ல நிறுத்துனா மறுபடி கெளம்பாது. காலைல ஸ்டார்ட் பண்ணவே எவ்வளவு பாடுபட்டோம்!"

கிளெமென்ஸ் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். வெளியே காலியாக நிற்கிற பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, சீக்கிரம் குத்திட்டு வந்துரு."

"வந்தவுடனே எனக்கு ரெண்டு துண்டு கேக்கு. ஒட்டிலியாக்கா, கேட்டுச்சா?"

கேட்டது என்று நான் பதில் சொல்வதற்குள், உள்ளே ஒரு பெருமூச்சுபோலச் சத்தம் வந்தது. தானியம் சரிகிற சத்தம். கீழே பெட்டியில் கோதுமை திடீரென்று கொட்ட ஆரம்பித்தது. கிளெமென்ஸ் சுவிட்சை அடித்து நிறுத்தினார். ஒரு நொடிதான். ஆனால் ஓடுகிற தானியம் ஆளை இழுக்க அந்த நேரம் போதும். கயிறு நீளமாக இருந்தது. அவன் தானியத்துக்குள் புதையும் வரை அது இறுகவே இல்லை.

குதிரின் இரும்புச் சுவரை நான்கு பக்கமும் வெட்டினார்கள். கோதுமை பனியின் மேல் மஞ்சளாகக் கொட்டிப் பரவியது. செய்தி பரவி, ஹார்லோவுக்குப் போய்க்கொண்டிருந்த லாரிகள்கூடத் திரும்பி வந்தன. அம்ப்ரோஸ் வெறுங்கையாலேயே தானியத்தை வாரினார். விரல் நுனியெல்லாம் ரத்தம். கிளெமென்ஸ் அவர் பக்கத்திலேயே நின்று வாரினார். வெண்டலினை வெளியே எடுத்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாய் நிறையக் கோதுமை.

இன்ஜினில் ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. நிரம்பிய பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லி உத்தரவு. எல்ராய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பையன மொதல்ல வீட்டுக்குக் கொண்டு போகட்டும். அது வரைக்கும் இந்த ரயில் நகராது," என்று சொல்லி ரேடியோவை அணைத்தார். இதற்காகத்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த வருஷம் ரயிலுக்கு ஆள் குறைத்தபோது முதலில் வீட்டுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கோவிலின் கீழ் அறையில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மக்தலேனா கிளெமென்ஸின் எதிரே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "அவன் உள்ள எறங்கும்போது மோட்டார் ஓடிச்சா?"

கிளெமென்ஸ் பொய் சொல்லியிருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"ஓடிச்சு," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவர் தட்டில் ரொட்டி இல்லாததைப் பார்த்து, எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகும் அவள் அவருக்குச் சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தாள். ஆனால் அவரைச் சீண்டுவதை விட்டுவிட்டாள். தண்டனை என்றால் அதுதான் தண்டனை என்று கிளெமென்ஸ் ஒரு முறை என்னிடம் சொன்னார். "திட்டினாக்கூடத் தேவலாம் ஒட்டிலியா. யாரோ விருந்தாளிகிட்டப் பேசற மாதிரிப் பேசறா."

ரயில் பாதிதான் நிரம்பியது. ஆகவே மொத்தத்துக்கும் உயர்ந்த கட்டணம் வந்தது. கிளெமென்ஸ் பர்செலுக்குப் போன் செய்தார். இந்த முறை அவர் கத்தவில்லை. அதனால் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் அவரே சொன்னார்.

"அவன் அழுதான். நெஜமாவே அழுதான். மேல வரைக்கும் பேசிப் பாத்தானாம். நேரத்துக்குள்ள நெரப்பலன்னா காரணம் எதுவா இருந்தாலும் ஒண்ணுதானாம். சாவு ஒரு காரணமான்னு கேட்டிருக்கான். அதுக்கு நெபந்தனையில எடமில்லன்னுட்டாங்களாம்."

வசந்தத்தில் பாதையை மூட ரயில்வே மனு போட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை. அரசு ஆணையத்திலிருந்து ஒரு நீதிபதி வந்திருந்தார். ரயில்வே வக்கீல் கனிவாகப் பேசுகிற பெண்மணி. வருஷா வருஷம் சரக்கு எப்படிக் குறைந்திருக்கிறது என்று சுவரில் படம் மாட்டிக் காட்டினாள். கோடு மாடிப்படிபோல இறங்கியது.

கிளெமென்ஸ் எழுந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டு போட்டிருந்தார். அது தோளில் தொளதொளத்தது.

"சரக்கு கொறஞ்சது நெசந்தாங்க ஐயா," என்றார். "ஏன் கொறஞ்சதுன்னு அந்தப் படத்துல இல்ல. பெட்டி கேட்டப்போ தரல. பாதைய ரிப்பேர் பண்ணல. தண்டவாளத்த நீட்டச் சொன்னாங்க, நீட்டினோம். மோட்டார் போடச் சொன்னாங்க, போட்டோம். அவசரப்படச் சொன்னாங்க, அவசரப்பட்டோம்." அதோடு உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் அம்ப்ரோஸைக் கூப்பிட்டாள். "நீங்கள்தானே சங்கத்தின் தலைவர்? போன வருஷம் உங்கள் கோதுமையை எங்கே விற்றீர்கள்?"

அம்ப்ரோஸ் கிளெமென்ஸைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்தார். சத்தியம் செய்திருந்தார்.

"ஹார்லோவுல," என்றார்.

"முழுவதுமா?"

"முழுசும்."

அவ்வளவுதான். இலை உதிரும் காலத்தில் உத்தரவு வந்தது. அடுத்த கோடையில் வேறு மாநிலத்து ஆட்கள் வந்து தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். விவசாயிகள் தங்கள் கையால் போட்ட மேற்கு முனைத் தண்டவாளம்தான் எல்லாவற்றிலும் புதியது என்பதால் அதை முதலில் எடுத்தார்கள். நல்ல விலைக்குப் போகுமாம். சங்கம் கடனைக் கட்ட முடியாமல் மூடியது. கிடங்கை வாங்க ஆள் இல்லை.

கிளெமென்ஸுக்கு அப்போது ஐம்பத்தைந்து. விவசாயம் தெரியாது, நிலமும் இல்லை. ஆறு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு ஹார்லோவின் அந்தப் பெரிய கிடங்கில் வேலை கேட்டுப் போனார். கொடுத்தார்கள். நிர்வாகி வேலை அல்ல. வருகிற லாரியில் நீளக் குழாயைச் செருகி, மாதிரி தானியம் எடுத்து, ஈரம் பார்த்து, தரம் எழுதிக் கொடுக்கிற வேலை. முன்பு அவரிடம் சங்கத்தில் கோதுமை கொட்டியவர்களே இப்போது லாரியில் வரிசை கட்டி அவர் முன்னால் நின்றார்கள். பலர் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். அவரும் தலையை நிமிர்த்த மாட்டார்.

"எப்படிங்க அங்க போய் நிக்கிறீங்க?" என்று நான் கேட்டேன்.

"வீட்ல நிக்கிறதுக்கு அது தேவலாம்," என்றார்.

அங்கே ஒரு காரியம் செய்தார். சேர்ந்த முதல் வாரமே, மோட்டார் ஓடும்போது யாரும் குதிருக்குள் இறங்கக் கூடாது என்று சண்டை போட்டார். மேலதிகாரி, ரயில் நிற்கும்போது அதெல்லாம் பார்க்க முடியாது என்றான். அடுத்த முறை ஓர் ஆள் இறங்கியபோது கிளெமென்ஸ் யாரையும் கேட்காமல் மொத்தக் கிடங்கின் மின்சாரத்தையும் அணைத்துவிட்டார். நூறு பெட்டி ரயில் அப்படியே நின்றது. அவரை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் அவர் தப்பித்தார். அந்த நடைமுறையும் அங்கே நிலைத்தது. ஊரில் சிலர் இதைப் பெருமையாகப் பேசினார்கள். அவர் முன்னால் பேசினால் எழுந்து போய்விடுவார்.

தண்டவாளம் போன மூன்றாம் வருஷம் ஹார்லோக்காரன் விவசாயிக்குக் கொடுக்கும் விலையை இறக்கினான். ரயில்வே கட்டணத்தை ஏற்றிவிட்டது, நாங்கள் என்ன செய்வது என்றான். அதுவும் பொய் இல்லை. அவனுக்கும் அந்த ஒரே ரயில்வேதான். லாரிகள் ஓடி ஓடிச் சாலை பள்ளமாகியது. அதைச் சரி செய்ய வரி ஏறியது. அம்ப்ரோஸ் தாக்குப் பிடித்தார். ஆனால் அவருடைய மகன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மினியாபொலிஸுக்கு வேலைக்குப் போனான். கடைசியில் என் கடையில் காலை வேளையில் மூன்று பேர்கூட வருவதில்லை. நானும் சாத்திவிட்டு, ஹார்லோவில் பள்ளிக்கூடச் சமையலுக்குப் போனேன்.

கிளெமென்ஸோடு அவர் காரிலேயே தினமும் போய் வருவேன். பாதை இருந்த மேடு சாலையோடு கூடவே வரும். புல் முளைத்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். ஒரு நாள் மட்டும், பனி விழுந்துகொண்டிருந்தபோது, வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்தச் சட்டம் வந்தப்போ சந்தோஷப்பட்டேன், ஞாபகம் இருக்கா? அதுக்காக நான் வருத்தப்படல. ரயில்வே பொழைக்கணும்னு நெனச்சதும் தப்பில்ல. பொழச்சுக்கிச்சு. பெரிய லைனப் போய்ப் பாரு, கண்ணாடி மாதிரி வெச்சிருக்கான். நம்மள வெட்டித்தான் பொழைக்கும்னு அன்னிக்குத் தோணல."

அறுபத்தெட்டாம் வயதில் மாரடைப்பு வந்து வேலை செய்யும் இடத்திலேயே விழுந்தார். மக்தலேனா தன் குடும்பத்துக் கல்லறை வரிசையில் அவருக்கு இடம் கேட்டாள். வெண்டலினுக்குப் பக்கத்தில். ஊரில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள். மன்னித்துவிட்டாள் என்றார்கள் சிலர். நான் அவளிடமே கேட்டேன்.

"மன்னிப்பா? அது எனக்குத் தெரியல ஒட்டிலியா," என்றாள். "அவரத் தனியாப் போட மனசு வரல. அவ்வளவுதான்."

அம்ப்ரோஸ் சவப்பெட்டியைத் தூக்க வந்தார். மக்தலேனா அவரைத் தடுக்கவில்லை. ஒரு பக்கம் தோள் கொடுக்க இடம் விட்டாள். குழியருகே வந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. எழுபதை நெருங்குகிற ஆள். எல்லோரும் கலைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்து, குளிருகிறது, வாங்க என்றேன். வந்தார்.